பைத்தியம் என்று சொல்லித் தப்பித்துவிட்டானா? சிறைக்குப் பதில் மருத்துவமனை என்னும் தீர்ப்பு பற்றி

கோட்டையூர் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்):

நம் பக்கத்துப் பிள்ளைகள் இங்கிலாந்தில் நிறையப் பேர் இருப்பதால் அங்கே நடக்கும் வழக்கெல்லாம் வாட்ஸ்அப் வழியாக நம் ஊருக்கும் வந்துவிடுகிறது. இப்போது சுற்றிக்கொண்டிருப்பது நாட்டிங்காம் வழக்கு. 2023 ஜூன் 13 அன்று வால்டோ கலோக்கேன் என்பவர் இரண்டு கல்லூரி மாணவர்களையும் ஒரு பள்ளிப் பணியாளரையும் குத்திக் கொன்றார். அதன்பின் வேனை எடுத்துப் போய் மூன்று பேர் மீது மோதினார். அவருக்குக் கடுமையான மனச்சிதைவு நோய் இருந்தது. 2024 ஜனவரியில் நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் உயர் பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் வைக்க உத்தரவிட்டது. இது போதாது என்று அரசு தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. மே மாதம் அதுவும் தள்ளுபடி ஆனது.

நமக்கு வந்த செய்தியின் வாசகம்: "மூணு கொலை, ஒரு நாள் ஜெயில் இல்லை. பைத்தியம்னு சொன்னா போதும்." கீழே கும்பிடு படமும் கோபப் படமும் வரிசையாக இருந்தன. இங்கே சிவகங்கை, புதுக்கோட்டை கோர்ட்டுகளில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தாலும் இதே பேச்சுதான். பேப்பரில் "மனநிலை பாதித்தவர் விடுதலை" என்று தலைப்பு வரும். படிப்பவர் அந்த ஆள் மறுநாள் காலை பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வருவதாக நினைத்துக்கொள்கிறார்.

என் கருத்து இது: அந்தத் தீர்ப்பு தப்பிக்கும் வழி அல்ல. உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் அங்கே கடினம். அது தெரியாததால் நம் கோபம் தவறான இடத்தில் போய் நிற்கிறது. நோயாளிக்கு முதல் தடவை வெறி வந்தபோது யார் கவனித்தார்கள், இறந்தவர் வீட்டுக்கு யார் பதில் சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சட்டம் தெரிந்தவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள், இந்தத் துன்பத்தைப் பட்டவர்கள் எழுதுங்கள். யார் மனதும் நோகாமல் எழுதுவோம்.

ஆயிரம் ஜன்னல்:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் கேட்கிறேன். மூன்று உயிர் போயிருக்கிறது. குத்தினவனுக்கு மெத்தை, மாத்திரை, மூன்று வேளைச் சாப்பாடு, டாக்டர். குத்துப்பட்டவன் வீட்டில் பிள்ளை இல்லை. இதை எப்படி நியாயம் என்று சொல்வது? நம் ஊரில் காசு இருப்பவன் ஒரு டாக்டரைப் பிடித்து சர்டிபிகேட் வாங்கமாட்டான் என்று என்ன நிச்சயம்? சாராயம் குடித்துவிட்டு வெட்டினவன்கூட நாளைக்கு "எனக்குப் புத்தி சரியில்லை" என்பான்.

தேவகோட்டை வக்கீல்:

அண்ணே, இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் உண்டு. கோர்ட்டுக்கும் உண்டு. அதனால்தான் இந்த வாதம் எங்கள் தொழிலில் மிகவும் அரிதாகவே ஜெயிக்கிறது.

நம் சட்டத்தில் இது பழைய இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவு. செய்த நேரத்தில், புத்தி பேதலித்திருந்ததால், தான் என்ன செய்கிறோம் என்பதோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதோ தெரியாத நிலையில் ஒருவர் இருந்திருந்தால் அது குற்றம் ஆகாது. "செய்த நேரத்தில்" என்பதில்தான் வழக்கு நிற்கும், விழும். பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டு மட்டும் போதாது. நோய் இருப்பது வேறு, சட்டம் கேட்கும் அளவுக்குப் புத்தி இல்லாமல் போவது வேறு என்று சுப்ரீம் கோர்ட் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. வெட்டிவிட்டு அரிவாளைக் கண்மாயில் எறிந்தாரா, சட்டையை மாற்றினாரா, ஓடி ஒளிந்தாரா? அப்படியென்றால் செய்தது தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் அரசு வக்கீல் வாதாடுவார், பெரும்பாலும் ஜெயிப்பார். நிரூபிக்கும் சுமை எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று காட்டினால் போதும் என்று 1964இல் தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் சொன்னார்கள். அதைக் காட்டுவதே பெரும்பாடு.

குடிபோதை இதில் வராது. தானாகக் குடித்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது.

எல்லாரும் மூன்று நிலைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் செய்த நேரத்தில் நன்றாக இருந்திருக்கலாம், வழக்கு நடக்கும்போது பேச்சே புரியாத நிலையில் இருக்கலாம். அப்போது விசாரணையைத் தள்ளிவைப்பார்கள், விடுதலை கிடையாது. இன்னொருவர் செய்த நேரத்திலேயே புத்தி இழந்திருந்தார் என்று கோர்ட் ஏற்கலாம், அது 22ஆம் பிரிவு. மூன்றாமவர் தண்டனை பெற்று ஜெயிலில் இருக்கும்போது நோய்வாய்ப்படுகிறார். அவரை 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 103ஆம் பிரிவின்படி ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள், தண்டனைக் காலம் அப்படியே ஓடும். நம் பேப்பர்களில் மூன்றுக்கும் ஒரே தலைப்புதான்.

இரண்டாவது நிலையில் "விடுதலை" என்று எழுதும் நீதிபதி, அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்பதையும் தீர்ப்பிலேயே தனியாக எழுதியாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 334, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 373. செய்தார் என்று முடிவானால் அடுத்த பிரிவின்படி இரண்டு வழிதான். பாதுகாப்பான காவலில் வைப்பது, அல்லது சொந்தக்காரரோ நண்பரோ ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுத்து, பிறருக்கும் அவருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்றால் அவரிடம் ஒப்படைப்பது. அப்படியே வீட்டுக்குப் போ என்று சொல்ல நீதிபதிக்கு வழியே இல்லை.

கானாடுகாத்தான் நர்ஸ், லீட்ஸ்:

வணக்கம். நான் இங்கே நடுத்தரப் பாதுகாப்பு மனநல மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். நோயாளிகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, சட்டம் எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1983ஆம் வருஷத்து மனநலச் சட்டம். அதில் 37ஆம் பிரிவுதான் மருத்துவமனை உத்தரவு. சிறைத்தண்டனை தரக்கூடிய குற்றத்தில் ஒருவர் குற்றவாளி என்று முடிவான பிறகு, இரண்டு டாக்டர்கள் நோய் இருக்கிறது, மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை தருவது பொருத்தம் என்று சொல்ல வேண்டும், படுக்கையும் தயாராக இருக்க வேண்டும். சிறைக்குப் பதிலாக நீதிபதி இதைத் தரலாம். இது மட்டும் இருந்தால் டாக்டரே பின்னால் விடுவிக்கலாம். மக்கள் பயப்படுவது இதை நினைத்துத்தான்.

கொலை போன்ற பெரிய வழக்கில் இதனுடன் 41ஆம் பிரிவும் சேரும். அது கட்டுப்பாட்டு உத்தரவு. அது சேர்ந்துவிட்டால் முடிவுத் தேதி கிடையாது. டாக்டர் தானாக வெளியே விட முடியாது. மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே ஊழியர்களோடு ஒரு நடை போய்வரக்கூட நீதித்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். விடுவிப்பதென்றால் அமைச்சகம் விட வேண்டும், அல்லது நீதிபதி தலைமையில் உள்ள மனநலத் தீர்ப்பாயம் விட வேண்டும். அதுவும் பெரும்பாலும் நிபந்தனையோடுதான்: எங்கே தங்க வேண்டும், எந்த ஊசி போட வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். நிலைமை மோசமானால் அமைச்சகம் மறுபடி உள்ளே அழைத்துக்கொள்ளும். புதுக் குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

சிறையில் ஒருவருக்குப் பத்து வருஷம் என்றால் அவர் நாட்களை எண்ணலாம். இங்கே எண்ணுவதற்கு நாளே கிடையாது. ஒவ்வொரு தீர்ப்பாயத்துக்கும் முன்னால் அவர்கள் தூங்காமல் கிடப்பதை நான் பார்க்கிறேன்.

நாட்டிங்காம் வழக்கிலும் 37, 41 இரண்டும் சேர்ந்த உத்தரவுதான். வாழ்நாள் முழுவதும் உயர் பாதுகாப்பு மருத்துவமனையில் இருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்று தீர்ப்பு சொன்ன நீதிபதியே கூறினார். இதுபோக 45ஏ என்று ஒரு வழியும் இருக்கிறது. முதலில் மருத்துவமனை, குணமானதும் மீதிக் காலத்துக்குச் சிறை. நோயும் இருக்கிறது, பழியும் கணிசமாக இருக்கிறது என்று நீதிபதி நினைத்தால் அதைக் கொடுப்பார். அந்த வழக்கில் மேல்முறையீட்டுக்குப் போனதே இதைக் கேட்டுத்தான்.

ஆயிரம் ஜன்னல்:

தங்கச்சி, விவரமாகச் சொன்னதற்கு நன்றி. அந்த 45ஏ எனக்கு நியாயமாகப் படுகிறது. குணப்படுத்து, அப்புறம் தண்டனை கொடு. ஏன் எல்லாருக்கும் அதையே கொடுக்கக்கூடாது?

கானாடுகாத்தான் நர்ஸ், லீட்ஸ்:

அண்ணே, நோய்தான் முழுக்கச் செய்ய வைத்தது என்றால் குணமான மனிதனைச் சிறைக்கு அனுப்புவதில் என்ன பலன்? இன்னொன்றும் இருக்கிறது. சிறைக்குப் போனால் ஊசி நின்றுபோகலாம், பழைய குரல்கள் திரும்பலாம். சிறையிலிருந்து அவர் எப்படியும் ஒருநாள் வெளியே வருவார். எந்த நிலையில் வருவது ஊருக்குப் பாதுகாப்பு என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு உத்தரவில் வெளியே வருகிறவரை ஆள் வைத்துக் கண்காணிக்கிறார்கள், மாத்திரையை விட்டால் சீக்கிரம் தெரிய வாய்ப்பு அதிகம்.

மூத்த வார்டு ஊழியர், அமராவதிபுதூர்:

ஓர் அரசு மனநல மருத்துவமனையில் கைதிகள் வார்டில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். நடிப்பைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

நடிக்க வருகிறவர்கள் உண்டு. கோர்ட் அனுப்பும் ஆளை ஒரே நாளில் பார்த்து சர்டிபிகேட் கொடுப்பதில்லை. உள்ளே வைத்துக் கவனிப்போம். நடிக்கிறவன் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மண்ணைத் தின்பான், ராத்திரி இரண்டு மணிக்குக் குறட்டை விட்டுத் தூங்குவான். நோயாளி ராத்திரி இரண்டு மணிக்குத்தான் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். சினிமாவில் பார்த்த பைத்தியத்தைத்தான் நடிக்கத் தெரியும், சிரிப்பு, கிழிந்த சட்டை, பாட்டு. உண்மையான மனச்சிதைவு பல சமயம் அமைதியாக மூலையில் உட்கார்ந்து சோற்றை வேண்டாம் என்று தள்ளிவிடும், அதில் விஷம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆயாவிலிருந்து நர்ஸ் வரை எல்லாரும் எழுதும் குறிப்பு சேர்ந்துதான் டாக்டர் அறிக்கை ஆகிறது. அந்த அறிக்கையின் மேல் மனக்குறை இருந்தால் மேலே மருத்துவக் குழுவிடம் போகவும் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள்.

"மெத்தை, மூன்று வேளைச் சாப்பாடு" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கைதிகள் வார்டில் பூட்டு உண்டு, போலீஸ் காவல் உண்டு. ஆனால் அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கி, புத்தி தெளிகிற நேரம். தன் தாயைத் தானே கொன்றது அன்றைக்குத்தான் ஒருவனுக்குத் தெரிகிறது. அந்த வாரங்களில் எங்களுக்குத் தூக்கம் இருக்காது, கயிறு, துணி எதையும் அவன் பக்கத்தில் விடமாட்டோம். தண்டனை இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த வார்டில் ஒரு ராத்திரி இருந்து பார்க்க வேண்டும்.

பாகனேரி தம்பி:

எல்லாம் படித்தேன். நான் இறந்தவன் பக்கத்து ஆள். என் சித்தப்பாவை அவர் தெருக்காரன் ஒருவன் காரணமே இல்லாமல் கட்டையால் அடித்துக் கொன்றான். சித்தப்பா தன் மேல் மருந்து வைத்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அவனுக்கு நோய் என்று எங்களுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். கோர்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

நான் தூக்கில் போடச் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு நாளன்று எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான், எப்போது வருவான், வந்தால் அதே தெருவுக்கே வருவானா? சித்தி இன்றைக்கும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் கதவைப் பூட்டிக்கொள்கிறார். அவனுக்கு டாக்டர் இருக்கிறார், அவன் மனம் தெளிந்ததா என்று பார்க்க ஆள் இருக்கிறது. என் சித்தி மனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒருத்தரும் வரவில்லை. மக்களுக்குப் புரியவில்லை என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். புரியவைக்க வேண்டியவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

கோட்டையூர் வாத்தியார்:

தம்பி, நீங்கள் எழுதியதுதான் இந்த இழையில் மிக முக்கியமான பதிவு. சித்தி நலமாக இருக்க வேண்டும். வக்கீல் தம்பி, இதற்கு என்ன வழி இருக்கிறது என்று எழுதுங்கள்.

தேவகோட்டை வக்கீல்:

பாகனேரி தம்பிக்கு. மூன்று விஷயம் சொல்கிறேன், மூன்றும் செய்யக்கூடியவை.

முதலாவது இழப்பீடு. எதிரிக்குத் தண்டனை கிடைத்தால்தான் பணம் என்று நினைத்துப் பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு தேவை என்றால் கோர்ட் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுதான் தொகையை முடிவுசெய்யும். மனு எழுத வக்கீல் பீஸ் வேண்டாம், இலவச சட்ட உதவியிலேயே செய்யலாம்.

இரண்டாவது, விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே உண்டு. 2009 திருத்தத்தில் வந்தது. அரசு போகவில்லை என்றாலும் நீங்கள் போகலாம். போக வேண்டும் என்று சொல்லவில்லை, அந்த வாசல் இருக்கிறது என்று சொல்கிறேன்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. காவலில் இருப்பவரை விட்டால் அவருக்கும் பிறருக்கும் ஆபத்தில்லை என்று மேலதிகாரிகள் சான்று கொடுக்க வேண்டும். அதன் மேல் மாநில அரசு முடிவெடுக்கும். ஒரு நீதித்துறை அதிகாரியும் இரண்டு டாக்டர்களும் கொண்ட குழுவை வைத்து விசாரிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் இறந்தவர் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவுகளில் ஒரு வரிகூட இல்லை. இதை நான் குறையாகவே பார்க்கிறேன். எங்களுக்குத் தெரிவிக்காமல் விடக்கூடாது, தெருவையும் எங்கள் பாதுகாப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இப்போதே தீர்ப்பு சொன்ன கோர்ட்டில் ஒரு மனு போட்டு வையுங்கள். மனு வழக்குக் கட்டில் இருந்தால் நாளைக்கு அதிகாரி பார்க்காமல் போக முடியாது.

கானாடுகாத்தான் நர்ஸ், லீட்ஸ்:

இங்கே அதற்கு ஏற்பாடு இருக்கிறது. பெரிய குற்றங்களில் கட்டுப்பாட்டு உத்தரவு பெற்றவர் விடுவிக்கப்படும் முன் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தெரிவிக்க ஒரு அதிகாரி இருப்பார். இந்த ஊருக்குள் வரக்கூடாது, எங்களைத் தொடர்புகொள்ளக்கூடாது என்று நிபந்தனை வைக்கும்படி குடும்பம் கேட்கலாம். அப்படியும் நாட்டிங்காம் குடும்பங்கள் மனம் ஆறவில்லை. அவர்கள் கேட்பது வேறு. அந்த மனிதர் அதற்கு முந்தைய வருஷங்களில் நான்கு முறை கட்டாய சிகிச்சைக்காக உள்ளே வைக்கப்பட்டவர். மருந்தைத் தொடர்ந்து எடுக்கவில்லை, சந்திப்புகளுக்கு வரவில்லை. 2022இல் மனநலக் குழு அவரை உள்ளூர் டாக்டரிடம் விட்டுவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டது. அவர் மேல் போலீஸ் வாரண்ட் ஒன்று நிலுவையில் இருந்தது. இத்தனை பேர் பார்த்தும் எப்படி நடந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். 2025இல் அரசு அதற்காகப் பொது விசாரணை அறிவித்தது. தண்டனை பற்றிய சத்தத்தில் இந்தக் கேள்வி முதலில் காதில் விழவில்லை.

ஈப்போ ஐயா, பள்ளத்தூர்:

எண்பதைத் தாண்டியவன், பேரன் தட்டச்சு செய்கிறான். மலாயாவில் ஒரு கடையின் பெட்டியடியில் இருந்த காலத்தில் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி எங்களுக்குப் பக்கம். இங்கே கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கேலி செய்வது போல அங்கே அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார்கள். கொலை செய்து புத்தி சரியில்லை என்று முடிவானவர்களையும் அங்கே அடைப்பார்கள். சுல்தான் மனம் வைக்கும் வரை உள்ளே என்பதுதான் அந்த நாட்டுச் சட்டம். எங்கள் கடையில் கணக்கு எழுதியவரின் தமையன் அங்கே இருந்தார். அவர் மாதம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தமையன் நன்றாகப் பேசுவார், ஊரில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது என்று கேட்பார். வெளியே மட்டும் வரவில்லை. அது தப்பித்தல் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கோட்டையூர் வாத்தியார்:

ஐயா சொன்னதைப் படித்ததும் இந்தச் சட்டம் எல்லாவற்றுக்கும் மூலமான வழக்கு நினைவுக்கு வந்தது. 1843இல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர் பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார், அவர் இறந்துபோனார். ஆளும் கட்சி தன்னைத் துரத்துகிறது என்ற பிரமை மெக்நாட்டனுக்கு. ஜூரி அவரைப் புத்தி பேதலித்தவர் என்று விடுவித்தது. விக்டோரியா மகாராணி உட்பட நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அவர்கள் சொன்ன பதில்தான் பின்னால் நம் 84ஆம் பிரிவாக வந்தது. விடுவிக்கப்பட்ட மெக்நாட்டன் என்ன ஆனார்? பெத்லெம் காப்பகம், அங்கிருந்து 1864இல் மாற்றியது அப்போது புதிதாகத் திறந்திருந்த பிராட்மூர் மனநலக் காப்பகத்துக்கு, 1865இல் அங்கேயே மரணம். சுட்ட நாளிலிருந்து ஒருநாளும் அவர் வெளியே வரவில்லை. தப்பித்துவிட்டான் என்று கொதித்தவர்களில் எத்தனை பேர் அவருடைய முடிவைக் கேட்டிருப்பார்கள்?

தேவகோட்டை வக்கீல்:

நம் நாட்டிலேயே அதைவிடக் கொடுமை இருக்கிறது. அசாமில் மச்சல் லாலுங் என்ற பழங்குடி மனிதர். 1951இல் காயம் ஏற்படுத்திய வழக்கில் கைது. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் குணமாகிவிட்டார் என்று டாக்டர்கள் எழுதினார்கள். விசாரணைக்கு அனுப்பாமல் குவாஹாத்தி ஜெயிலில் போட்டார்கள். 2005இல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தபோது 54 வருஷம் ஆகியிருந்தது. விசாரணையே நடக்கவில்லை. 2007இல் இறந்தார். அவர் செய்ததாகச் சொன்ன குற்றத்துக்குத் தண்டனை கிடைத்திருந்தால் இளமையிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

மனநலம் பாதித்து விசாரணைக் கைதியாக இருப்பவர்களைப் பற்றி அடிக்கடி கோர்ட்டுக்கு அறிக்கை வர வேண்டும் என்று அதன்பின் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஆஸ்பத்திரி என்று எழுதியதும் வழக்குக் கட்டு அலமாரிக்குப் போய்விடும் ஆபத்து நம் நாட்டில் எப்போதும் உண்டு. இங்கிலாந்தில் தீர்ப்பாயத்துக்கு மனுப்போட நோயாளிக்கே உரிமை இருக்கிறது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வழக்கு தானாகவும் போகும். நம் நாட்டிலும் அவ்வப்போது அறிக்கை தர வேண்டும் என்று இருக்கிறது. அறிக்கை மேலே போவதும் யாராவது அதைப் படிப்பதும் நம் அக்கறையைப் பொறுத்தது.

நெற்குப்பை அக்கா:

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் ஒரு தம்பி. நான் எழுதுவது அவனுக்காக.

முதலில் காற்றுச் சேட்டை என்றார்கள். வேப்பிலை அடித்தோம், மந்திரித்தோம். குணசீலம் பெருமாள் கோயிலில் மண்டலம் இருந்தோம். ஏர்வாடிக்கும் கொண்டுபோனோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் நெருப்பில் கருகிச் செத்தார்களே, அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு அம்மா அந்தப் பக்கமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் போனது அதற்கெல்லாம் பின்னால்தான். ஊசி போட ஆரம்பித்து நன்றாக இருந்தான், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவான். பிறகு யாரோ "நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு ஊசி" என்று சொல்ல, விட்டுவிட்டோம். நாலைந்து மாதத்தில் ஒருவரைப் படுகாயப்படுத்திவிட்டான். அவர் பிழைத்தார், கை மட்டும் சரியாகவில்லை. அவர் வீட்டுக்கு என்னால் முடிந்ததைச் செய்கிறேன், அது போதாது என்றும் தெரியும்.

இப்போது தம்பி தெளிந்திருக்கிறான் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். பொறுப்பேற்று கையெழுத்துப் போட்டால் விடலாம் என்கிறார்கள். அம்மா இல்லை. வீட்டுக்காரர் பயப்படுகிறார். தெருவில் வேண்டாம் என்று பேசியாயிற்று. நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவன் அங்கேயே கிடப்பான். போட்டு நாளைக்கு ஏதாவது நடந்தால் என்னை ஜெயிலில் போடுவார்களா? எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

மூத்த வார்டு ஊழியர், அமராவதிபுதூர்:

தாயி, நான் பார்த்தவரை உங்கள் தம்பி போல வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் பல பேர். வருகை நாளில் பெயர் கூப்பிடும்போது எல்லாத் தலையும் திரும்பும். கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் மட்டும் உள்ளே கிழடானவர்களை எனக்குத் தெரியும்.

கையெழுத்துக்கு முன்னால் இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாத ஊசியின் பெயர், அளவு, அடுத்த தேதி எழுதிய சீட்டு. காரைக்குடியிலோ சிவகங்கை மருத்துவக் கல்லூரியிலோ தொடர்ந்து போடுவதற்கான கடிதம். நோய் திரும்புவதற்கு முன்னால் உங்கள் தம்பியிடம் என்ன மாற்றம் வரும் என்று டாக்டரிடமே கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் அது வேறு. சிலருக்குத் தூக்கம் போகும், சிலர் சாப்பாட்டை மோந்து பார்ப்பார்கள், சிலர் திடீரென்று நாலு வேளை குளிப்பார்கள். அதைப் பார்த்த அன்றே கூட்டிப்போக வேண்டும், அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்கக்கூடாது. ராத்திரியில் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை.

ஆயிரம் ஜன்னல்:

அக்கா, உங்கள் தெருவில் பேச ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். எனக்கு நெற்குப்பையில் சம்பந்திகள் இருக்கிறார்கள், பெரியவர்களை வைத்துப் பேசலாம். ஊசி தவறாமல் போடுகிறான் என்று தெரிந்தால் ஜனங்கள் இறங்கி வருவார்கள். தீர்ப்பைப் பற்றி எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது, பாகனேரித் தம்பியின் சித்தி கதவைப் பூட்டுகிற வரை இருக்கும். ஆனால் நோய் தெளிந்தவனை வாசலில் நிறுத்திவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பாகனேரி தம்பி:

நெற்குப்பை அக்காவுக்கு. எங்கள் தெருக்காரனுக்கும் ஓர் அக்கா இருந்தார். சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவர் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார், இவனைப் பிடித்து வண்டியில் ஏற்ற ரெண்டு ஆள் வாருங்கள் என்று. யாரும் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் போகவில்லை. தீர்ப்பு அன்றைக்குக் கோர்ட் வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். உங்களுக்குத் தேவைப்பட்டால் வண்டிக்கு நான் வருகிறேன்.

தேவகோட்டை வக்கீல்:

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில். தம்பி செய்யும் குற்றத்துக்காக உங்களை ஜெயிலில் போட முடியாது. நீங்கள் எழுதிக்கொடுப்பது அவரைச் சரியாகக் கவனிக்கிறேன், ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறேன், அதிகாரி கேட்கும்போது கொண்டுவந்து காட்டுகிறேன் என்ற பத்திரம். அதை மீறினால் பத்திரத்தில் எழுதிய தொகையைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும், அப்போதும் உங்கள் பக்கத்தைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. ஊசிச் சீட்டு, ஆஸ்பத்திரி பதிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஒருநாள் உங்களால் சமாளிக்க முடியவில்லை என்றால் கோர்ட்டுக்கே எழுதி மறுபடி ஒப்படைக்கவும் செய்யலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரத்தின் நகலை எனக்குக் காட்டுங்கள். தொகையைக் குறைக்கவும், காயம்பட்டவர் தெருப் பக்கம் போகக்கூடாது என்று நாமே ஒரு வரி சேர்க்கவும் கேட்கலாம். அந்த வரி இருந்தால் அந்த வீட்டாருக்கும் நிம்மதி.

நெற்குப்பை அக்கா:

அந்த வரியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் தம்பி. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் நகலை வாங்கிக்கொண்டு நேராக தேவகோட்டைக்கு வருகிறேன். காயம்பட்ட அண்ணனின் வீட்டுக்காரியையும் கூட்டிவரலாமா? அவர்களுக்கும் அந்த இழப்பீட்டு மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேவகோட்டை வக்கீல்:

கூட்டி வாருங்கள். எப்.ஐ.ஆர். நகல், அவருடைய சிகிச்சை ரசீதுகள், ஆதார் மூன்றும் இருந்தால் மனுவை அன்றைக்கே எழுதிவிடலாம். பாகனேரி தம்பியும் அதே நாள் வந்தால் இரண்டு மனுவையும் சேர்த்தே போடுவோம்.